ஃபெனிடாயின் மாத்திரை: மருந்துக்கடையில் குரலைத் தாழ்த்திக் கேட்கப்படும் கேள்விகள்

மன்னார்குடிப் பக்கம் மருந்துக்கடை வைத்து இருபத்து மூன்று வருஷம் ஆகிறது. வலிப்புக்கு மாத்திரை வாங்க வருகிறவர்கள் கூட்டம் குறையும்வரை ஓரமாக நிற்பார்கள். மற்றவர்கள் போனதும் மடியிலிருந்தோ முந்தானை முடிச்சிலிருந்தோ கசங்கிய அட்டையை எடுத்துக் காட்டி, பெயரைச் சொல்லாமல் "இதுல மூணு அட்டை" என்பார்கள். மீதிச் சில்லறை வாங்கும்போதுதான் கேள்வி வரும். அப்படி வந்த கேள்விகள் இவை. நான் மருந்தாளுநர், டாக்டர் இல்லை. எவ்வளவு சாப்பிட வேண்டும் என்று முடிவு செய்வது டாக்டரின் வேலை. அந்த அளவில் நாமாகக் கை வைத்தால் என்ன ஆகும் என்று சொல்வது என் வேலை.

இந்த மாத்திரை உடம்புக்குள் என்னதான் செய்கிறது?

மூளையின் நரம்புச் செல்கள் ஒன்றுக்கொன்று மின்துடிப்பால் பேசிக்கொள்கின்றன. சோடியம் செல்லுக்குள் நுழையும் வாசல் திறந்தால் ஒரு துடிப்பு, மூடினால் ஓய்வு. ஓரிடத்தில் செல்கள் ஓய்வே இல்லாமல் படபடவென்று துடிக்க ஆரம்பித்து, அது மற்ற இடங்களுக்கும் பரவினால் அதுதான் வலிப்பு. மூடிய வாசல் மறுபடி திறக்கத் தயாராவதை ஃபெனிடாயின் தாமதப்படுத்துகிறது. சாதாரண வேகத்தில் துடிக்கும் செல்லை அவ்வளவாகத் தொந்தரவு செய்யாது, வெறிபிடித்துத் துடிக்கிற செல்லைத்தான் அதிகம் பிடிக்கும்.

பழைய மருந்து. 1908-ல் ஜெர்மனியில் பில்ட்ஸ் என்ற வேதியியலாளர் தயாரித்து, பயன் தெரியாமல் கிடந்தது. 1938-ல் அமெரிக்காவில் மெரிட், பட்னம் என்ற இரண்டு மருத்துவர்கள் வலிப்பை இது தடுக்கிறது என்று காட்டினார்கள். அதற்கு முன்பு கையில் இருந்தது முக்கியமாக ஃபீனோபார்பிடோன், அது ஆளைத் தூங்க வைத்தே வலிப்பை அடக்கும். தூங்க வைக்காமலும் அடக்கலாம் என்பது அன்றைக்குப் பெரிய சேதி.

எல்லா வலிப்புக்கும் இது ஆகாது. பள்ளிக்கூடப் பிள்ளை சில நொடிகள் வெறித்துப் பார்த்துவிட்டு மறுபடி எழுதத் தொடங்குமே, அந்த வகைக்கும், காலையில் எழுந்ததும் கை வெடுக்கென்று உதறி டம்ளர் கீழே விழுகிற வகைக்கும் இது உதவாது, அதிகமாக்கவும் கூடும். அதனால் "அவனுக்குக் கேட்டது, இவனுக்கும் கேட்கும்" என்று பக்கத்து வீட்டு அட்டையைக் கடன் வாங்காதீர்கள்.

தினம் 300 மி.கி. போட்டும் ஒருதடவை வலிப்பு வந்துவிட்டது. நாமே இன்னொரு 100 கூட்டிக்கொள்ளலாமா?

கூடவே கூடாது. இந்த ஒரு கேள்விக்காகத்தான் இவ்வளவையும் எழுத உட்கார்ந்தேன்.

பெரும்பாலான மருந்துகளில் இருமடங்கு சாப்பிட்டால் ரத்தத்திலும் ஏறக்குறைய இருமடங்குதான் ஏறும். உள்ளே வருவது கூடக்கூட வெளியே போவதும் கூடும். ஃபெனிடாயினின் கணக்கு வேறு. இதை உடைப்பது கல்லீரலில் இருக்கும் சி.ஒய்.பி.2சி9 என்ற நொதி, கூடவே கொஞ்சம் 2சி19. நாளொன்றுக்கு இவ்வளவுதான் உடைக்க முடியும் என்று அந்த நொதிகளுக்கு ஓர் உச்சம் உண்டு. வழக்கமாகச் சாப்பிடும் அளவிலேயே அவை அந்த உச்சத்தை நெருங்கிவிடுகின்றன.

ஐப்பசி மழையில் சம்பா வயலை நினைத்துக்கொள்ளுங்கள். வடிகால் மதகின் பலகையை முழுதாகத் தூக்கியாகிவிட்டது. வருகிற தண்ணீரும் வடிகிற தண்ணீரும் சமமாக இருக்கும்வரை பயிர் கணுக்கால் தண்ணீரில் நிம்மதியாக நிற்கும். அதற்கு மேல் தூறல் கொஞ்சம் வலுத்தாலும் அந்தக் கூடுதல் தண்ணீர் போக வழியில்லை. அன்றாடம் வயலிலேயே தேங்கி, நாலாம் நாள் பயிரின் தலை தெரியாது. மழை கூடியதென்னவோ கொஞ்சம்தான்.

எண்ணில் பார்க்கலாம். ரத்தத்தில் இந்த மருந்து ஒரு மில்லிலிட்டருக்கு 10 முதல் 20 மைக்ரோகிராம் இருக்க வேண்டும் என்பது பொதுவான வரம்பு. சராசரி ஈரல் வேகமுள்ள 60 கிலோ ஆளுக்குப் பாடப்புத்தகச் சூத்திரத்தை வைத்துக் கணக்குப் போட்டால், தினம் 300 மி.கி.க்கு அளவு சுமார் 8-ல் நிற்கும். 350 கொடுத்தால் 13. 400 கொடுத்தால் 28. முதல் ஐம்பது ஐந்து புள்ளி ஏற்றியது, அடுத்த ஐம்பது பதினைந்து ஏற்றிவிட்டது. 500 போட்டால் சூத்திரமே கைவிரித்துவிடும், நிலைபெறுகிற அளவு என்று ஒன்று இல்லாமல் ஏறிக்கொண்டே போகும். இது சராசரி ஆளின் கணக்கு. உங்கள் ஈரல் இதைவிட மெதுவாகவும் இருக்கலாம், அப்படியானால் இந்தத் தாவல் 300-லேயே நடக்கும்.

அதனால்தான் டாக்டர்கள் ஒரேயடியாக 100 கூட்டாமல், ரத்தப் பரிசோதனை பார்த்து 25, 50 என்று கூட்டுகிறார்கள். "50 மி.கி. மாத்திரைக்கு எதுக்குத் தனிச் சீட்டு, ரெண்டும் ஒண்ணுதானே" என்று சலித்துக்கொள்கிறவர்களுக்கு அந்த 8, 13, 28-ஐ சீட்டின் பின்பக்கத்தில் எழுதிக் காட்டுவேன்.

இன்னொரு பொறியும் உண்டு. அளவைக் கூட்டியதும் மறுநாளே ஒன்றும் தெரியாது. புது மட்டத்துக்கு வந்து நிற்க ஒன்றிரண்டு வாரம், உச்சத்தை நெருங்கியவர்களுக்கு அதற்கு மேலும் ஆகும். "கூட்டிப் பார்த்தேன், ஒண்ணும் ஆகல, அதான் இன்னொண்ணு சேர்த்தேன்" என்று வந்தவர்கள் உண்டு. முதல் தண்ணீரே இன்னும் ஏறி முடியவில்லை.

அளவு கூடிவிட்டால் வீட்டில் எப்படித் தெரியும்?

என் சித்தப்பா கதையைச் சொல்லிவிடுகிறேன். நீடாமங்கலம் பக்கம் விவசாயம். பல வருஷமாக ராத்திரி 300 மி.கி., வலிப்பு வந்து நாளாகியிருந்தது. ஒரு தை மாதம் அறுவடைக்கு முன்னால் வரப்பில் நடக்கும்போது வயலுக்குள் சறுக்கி விழுந்தார். மறுநாளும் விழுந்தார். ஐம்பது வருஷம் அந்த வரப்பில் நடந்த கால். ஊரில் என்ன பேசியிருப்பார்கள் என்று சொல்ல வேண்டியதில்லை. சித்தியே "இந்த வயசுல கடைக்குப் போக ஆரம்பிச்சுட்டாரு" என்று என்னிடம் அழுதார். பேச்சும் குழறியது, சோற்றைப் பிசையும் கை நடுங்கியது.

என் மருந்துக்கடைக்கு அழைத்துவரச் சொன்னேன். என் விரலை முகத்துக்கு நேரே பிடித்து மெல்லப் பக்கவாட்டில் நகர்த்தினேன். விரலைத் தொடர்ந்து போன கருவிழி ஓரத்துக்குப் போனதும் நிற்காமல் வெட்டி வெட்டி அசைந்தது. அன்றைக்கே திருவாரூருக்கு அனுப்பினோம், ரத்தத்தில் அளவு 34.

காரணம் வீட்டுக்குள்ளேயே இருந்தது. சித்திக்கு மூன்று மாதம் முன்பு நுரையீரலில் டிபி. கூட இருப்பவர்களுக்கும் வராமல் இருக்கத் தடுப்பு மாத்திரை கொடுப்பார்கள், சித்தப்பாவுக்கும் ஐசோனியாசிட் கொடுத்திருந்தார்கள். அந்த ஐசோனியாசிட் ஃபெனிடாயினை உடைக்கிற நொதிகளின் கையைக் கட்டிப்போடும். மாத்திரை அதே 300தான், வடிகாலில்தான் அடைப்பு. கொடுத்த இடத்தில் "வேறென்ன மாத்திரை சாப்பிடுறீங்க" என்று கேட்கவில்லை. குற்றம் அவர்கள் மேல் மட்டுமில்லை. ஃபெனிடாயின் என் கடையிலிருந்துதான் மாதாமாதம் போனது, வீட்டில் டிபி என்று எனக்குத் தெரியும், நானும் கேட்கவில்லை.

படிகளை நினைவில் வையுங்கள். அளவு 20-ஐத் தாண்டினால் கருவிழி வெட்டும். 30-ஐத் தாண்டினால் நடை தள்ளாடும், பேச்சு குழறும், பொருள் இரண்டாகத் தெரியலாம். 40-க்கு மேல் குழப்பம், மயக்கம், தூக்கம். ஆளுக்கு ஆள் கொஞ்சம் முன்பின் இருக்கும். மிக அதிகமானால் இந்த மருந்தே வலிப்பை வரவழைக்கவும் செய்யும். அப்போது "வலிப்பு வருது, இன்னொரு மாத்திரை போடு" என்பதுதான் இருப்பதிலேயே மோசமான முடிவு. இந்தப் பாதிப்பு நீண்ட நாள் நீடித்தால் சிறுமூளை சுருங்கி, தள்ளாட்டம் நிரந்தரமாகவே தங்கிவிடலாம்.

சந்தேகம் வந்தால் ஒரு நேர்கோட்டில் குதிகாலை விரலோடு ஒட்டி ஒட்டி வைத்து நடக்கச் சொல்லுங்கள். டாக்டரும் அதைத்தான் செய்யச் சொல்வார். தள்ளாடினால் அன்றைக்கே ஆஸ்பத்திரி.

வேறு எந்த மருந்துகளோடு இது மோதும்?

முழுப் பட்டியல் நீளம். நம் பக்கம் அடிக்கடி பார்ப்பதை மட்டும் சொல்கிறேன்.

படர்தாமரைக்கும் வெள்ளைப்படுதலுக்கும் தருகிற ஃப்ளூகொனசோல், சிறுநீர்த் தொற்றுக்குத் தருகிற கோட்ரைமாக்சசோல், இதயத் துடிப்புக்கான அமியோடரோன் மூன்றும் ஃபெனிடாயினை ஏற்றிவிடும். டிபிக்கான ரிஃபாம்பிசின் நேரெதிர், நொதிகளை முடுக்கிவிட்டு அளவைக் கீழே இறக்கி வலிப்பைக் கூப்பிடும். டிபி சிகிச்சையில் ரிஃபாம்பிசினும் ஐசோனியாசிடும் சேர்ந்தே இருப்பதால் எந்தப் பக்கம் சாயும் என்று ஊகிக்கக் கூடாது, ரத்தம் பார்க்க வேண்டும். சிகிச்சை முடிந்து ரிஃபாம்பிசினை நிறுத்தும்போது அளவு மறுபடி ஏறும், அப்போதும் பார்க்க வேண்டும்.

நெஞ்செரிச்சலுக்குக் குடிக்கிற அலுமினிய, மெக்னீசிய மருந்துகள் ஃபெனிடாயின் உடம்பில் சேர்வதைக் குறைக்கும். இரண்டு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள். உடம்பு வலிக்கு டிராமடால், காய்ச்சலுக்கு சிப்ரோஃப்ளாக்சசின் என்று யாராவது எழுதினால் வலிப்பு இருப்பதைச் சொல்லிவிடுங்கள், இவை வலிப்பைத் தூண்டக்கூடியவை.

ஃபெனிடாயின் மற்றவர்களையும் சும்மா விடாது. ரத்தம் உறையாமல் இருக்கத் தரும் மருந்துகள், ஸ்டீராய்டுகள், கருத்தடை மாத்திரை எல்லாவற்றின் வேலையையும் குழப்பும். அதனால் எந்த டாக்டரிடம் போனாலும், பல் பிடுங்கப் போனாலும், அட்டையைக் கையில் கொண்டுபோங்கள். பெயர் மனப்பாடம் வேண்டாம், அட்டை பேசும்.

ரத்தத்தில் அளவு பார்க்கச் சொன்னார்கள். எப்போது கொடுப்பது?

அடுத்த வேளை மாத்திரைக்கு முன்னால். ராத்திரி மட்டும் போடுகிறவர்கள் பகலில் கொடுத்தால், எத்தனை மணிக்கு மாத்திரை போட்டது என்பதைச் சேர்த்துச் சொல்லுங்கள். அளவை மாற்றியிருந்தால் இரண்டு மூன்று வாரம் கழித்து.

ரிப்போர்ட்டில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. ரத்தத்தில் இந்த மருந்து 90 சதவீதம் ஆல்புமின் என்ற புரதத்தோடு ஒட்டிக்கொண்டு திரியும். மூளைக்குள் போய் வேலை செய்வது ஒட்டாத மீதிப் பத்துதான். ஈரல் கெட்டவர், சிறுநீரகம் கெட்டவர், சரியாகச் சாப்பிடாத வயதானவர், இவர்களுக்கு ஆல்புமின் குறைந்திருக்கும், ஒட்டாத மருந்து கூடியிருக்கும். ஆனால் ரிப்போர்ட் காட்டுவது மொத்த அளவை. ஆல்புமின் டெசிலிட்டருக்கு 2 கிராம் இருக்கும் ஒருவருக்கு ரிப்போர்ட் 8 என்று வந்தால், "குறைவு, கூட்டு" என்று தோன்றும். வழக்கமான திருத்தக் கணக்குப்படி, ஆல்புமினை 0.2-ஆல் பெருக்கி 0.1 கூட்டி, அந்த விடையால் 8-ஐ வகுத்தால் 16. சரியான அளவில்தான் இருக்கிறார். சிறுநீரகம் கெட்டுப்போனவர்களுக்கு இந்தக் கணக்கும் போதாது. ஆகவே "ஆல்புமினும் சேர்த்துப் பார்க்கணுமா சார்" என்று கேட்பதில் தப்பில்லை.

ஒருவேளை மறந்துபோனால்?

அன்றைக்கே ஞாபகம் வந்தால் போட்டுக்கொள்ளுங்கள். மறுநாள் ஞாபகம் வந்தால் விட்டதை விட்டுவிடுங்கள், சேர்த்து இரண்டாகப் போடாதீர்கள். இரண்டு மூன்று நாள் தொடர்ந்து விட்டுப்போயிருந்தால் டாக்டருக்குப் போன் செய்யுங்கள். திடீரென்று நிறுத்துவது நிற்காமல் வருகிற வலிப்பில் கொண்டுபோய் விடலாம், அது உயிருக்கு ஆபத்து.

இருப்பு எப்போதும் இருக்க வேண்டும். 2018 நவம்பர் 16 விடியற்காலை கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையேறியபோது எங்கள் பக்கம் ரோடெல்லாம் தென்னை. மின்சாரம் பல ஊர்களில் வாரக்கணக்கில் இல்லை. கடையைத் திறந்த முதல் நாள் சர்க்கரை மாத்திரை, பிபி மாத்திரை கேட்டவர்களுக்கு நடுவே, நாலு நாளாக மாத்திரை இல்லாமல் மகனைத் தோளில் சாய்த்துக்கொண்டு ஓர் அம்மா நின்றார். அன்றிலிருந்து வலிப்பு மாத்திரை வாங்குகிறவர்களிடம் புரட்டாசி முடிவதற்குள் இரண்டு வாரத்துக்கான மாத்திரையைத் தனியாக ஒரு டப்பாவில் போட்டு வைக்கச் சொல்கிறேன். அட்டையோடு வையுங்கள், பிரித்துக் கொட்டாதீர்கள், மழைக்காலத்தில் ஈரம் ஏறும்.

வேறு கம்பெனி மாத்திரை கொடுத்தால் வாங்கலாமா? ஆஸ்பத்திரியில் தருவதும் கடையில் வாங்குவதும் ஒன்றா?

உள்ளே மருந்து ஒன்றுதான். எப்டாயின், டைலான்டின் என்ற பெயர்களுக்குக் கீழே சின்ன எழுத்தில் ஃபெனிடாயின் சோடியம் என்றிருக்கும். அரசு ஆஸ்பத்திரி மாத்திரை மட்டம் என்ற பேச்சை நான் ஏற்பதில்லை. அதைச் சாப்பிட்டு வருஷக்கணக்கில் வலிப்பில்லாமல் இருப்பவர்கள் என் தெருவிலேயே உண்டு. பிரச்சினை மாற்றி மாற்றிப் போடுவதில்.

1968 வாக்கில் ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேனில் ஃபெனிடாயின் சாப்பிட்ட பலருக்கு ஒரே சமயத்தில் தள்ளாட்டம் வந்தது. தோண்டிப் பார்த்தால், மருந்தின் அளவு மாறவில்லை. கேப்சூலில் நிரப்புவதற்குச் சேர்க்கிற கால்சியம் சல்பேட்டை எடுத்துவிட்டு லாக்டோஸ் போட்டிருக்கிறார்கள். உடம்பில் சேர்வது கூடிவிட்டது. மற்ற மருந்துகளில் யாரும் கவனித்திருக்க மாட்டார்கள், இந்த மருந்து விளிம்பில் நிற்பதால் அந்தச் சின்ன வித்தியாசமே தள்ளிவிட்டது.

ஆக ஒரே தயாரிப்பில் நில்லுங்கள். மாற்றித்தான் ஆக வேண்டுமென்றால் டாக்டரிடம் சொல்லிவிட்டு, அடுத்த மூன்று வாரம் நடையையும் வலிப்பையும் கவனியுங்கள். மெதுவாகக் கரையும் வகையும் சாதாரண வகையும் ஒன்றுக்கொன்று பதில் இல்லை, மெதுவாகக் கரைவதை உடைக்கவோ மெல்லவோ கூடாது.

குழந்தைக்கு சிரப் கொடுக்கிறோம். முதலில் சரியாக இருந்தான், பாட்டில் முடியும்போது தூங்கி விழுகிறான். ஏன்?

பாட்டிலைக் குலுக்கவில்லை. இது கரைசல் இல்லை, தண்ணீரில் மிதக்கும் தூள். குலுக்காமல் ஊற்றினால் முதல் பாதி வெறும் இனிப்புத் தண்ணீர், அடியில் கெட்டி மருந்து. முதலில் வலிப்பு வரும், கடைசியில் தள்ளாடும். ஒவ்வொரு வேளையும் நன்றாகக் குலுக்குங்கள். டீ ஸ்பூன் வேண்டாம், அளவுக் குழலில் எடுங்கள்.

பாட்டிலின் வீரியத்தையும் படியுங்கள். 5 மில்லியில் 30 மி.கி. உள்ளதும் வருகிறது, 125 மி.கி. உள்ளதும் வருகிறது. "அதே அஞ்சு மில்லிதானே" என்று மாற்றி ஊற்றினால் நாலு மடங்கு.

ஈறு வீங்கிப் பல்லை மூடுகிறது. முகத்தில் முடி வளர்கிறது.

இரண்டும் இந்த மாத்திரையால்தான், நீண்ட நாள் சாப்பிடுகிற பலருக்கு வரும். ஈறுக்கு மென்மையான பிரஷ்ஷால் இரண்டு வேளை தேய்ப்பது, ஆறு மாதத்துக்கு ஒருமுறை பல் டாக்டரிடம் சுத்தம் செய்வது, இவை நன்றாகவே கட்டுப்படுத்தும். சாம்பல், செங்கல்தூள் வேண்டாம். கல்யாண வயதுப் பெண்ணுக்கு இந்த முடியும் ஈறும் பெரிய மனக்கஷ்டம். வெளியே சொல்லாமல் மாத்திரையை நிறுத்திவிடுகிற பெண்கள் உண்டு. நிறுத்தாமல் டாக்டரிடம் சொல்லுங்கள், லெவிடிராசிடம், லாமோட்ரிஜின் போன்று இந்தத் தொல்லை இல்லாத மருந்துகள் இருக்கின்றன. என்னைக் கேட்டால், இளம் பெண்களுக்கு ஆரம்பத்திலேயே அவற்றை யோசிப்பதுதான் நியாயம்.

வருஷக்கணக்கில் சாப்பிட்டால் வைட்டமின் டி குறைந்து எலும்பு வலுவிழக்கும், ஃபோலிக் அமிலம் குறைந்து ரத்தசோகை வரலாம். வயலில் நிற்பவருக்கு வெயிலுக்குக் குறைவில்லை. வீட்டுக்குள்ளேயே வைத்துப் பார்த்துக்கொள்ளும் நோயாளிக்குத்தான் முதலில் இடுப்பும் தொடையும் வலிக்கும். ஃபோலிக் அமிலத்தை நீங்களாக வாங்கி அதிகமாகப் போடாதீர்கள், அது ஃபெனிடாயின் அளவைக் குறைக்கும்.

மாத்திரை ஆரம்பித்துப் பத்து நாளில் உடம்பெல்லாம் தடிப்பு.

படிப்பதை நிறுத்திவிட்டு ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள். அடுத்த வேளை மாத்திரையைப் போடாமல், அன்றைக்கே. நாமாக நிறுத்தலாம் என்று நான் சொல்கிற ஒரே சந்தர்ப்பம் இதுதான், அதுவும் ஆஸ்பத்திரி வாசலுக்குப் போகிறபோது. காய்ச்சல், வாய்ப்புண், கண் சிவப்பு, தோல் உரிதல் சேர்ந்திருந்தால் உயிருக்கே ஆபத்தான ஒவ்வாமையாக இருக்கலாம். முதல் இரண்டு மாதத்தில்தான் பெரும்பாலும் வரும். ஒருமுறை வந்தால் நோட்டின் முதல் பக்கத்தில் சிவப்பு மையில் எழுதி வையுங்கள். கார்பமசெபின், ஃபீனோபார்பிடோன் மாத்திரைகளுக்கும் அதே ஒவ்வாமை வரலாம்.

மகளுக்கு வரன் பார்க்கிறோம். சொல்ல வேண்டுமா? பிள்ளை பெறலாமா?

1999-ல் இந்து திருமணச் சட்டத்திலிருந்தும் சிறப்புத் திருமணச் சட்டத்திலிருந்தும் வலிப்பு நோய் என்ற சொல்லை எடுத்துவிட்டார்கள். அதற்கு முன் அது திருமணத்துக்குத் தடையாக எழுதப்பட்டிருந்தது. சட்டம் விட்டது, ஊர் விடவில்லை. சொல்லிவிடுங்கள் என்பதுதான் என் அபிப்பிராயம். மறைத்துக் கட்டிவைத்த பெண் மாமியார் வீட்டில் மாத்திரையை ஒளித்து வைப்பாள், ஒளித்து வைக்கிற மாத்திரை விட்டுப்போகும், புது இடத்தில் தூக்கமும் கெடும். வலிப்பு வருவதற்கு இதைவிடத் தோதான ஏற்பாடு வேண்டாம்.

பிள்ளை பெறலாம். ஆனால் திட்டமிட்டுப் பெற வேண்டும். கருவில் இருக்கும் குழந்தைக்கு ஃபெனிடாயினால் உதடு, அண்ணம், இதயம், விரல் நகங்களில் குறை வர வாய்ப்பு கூடுகிறது. கரு தரிப்பதற்கு முன்பே நரம்பியல் டாக்டரைப் பார்த்து, மருந்தை மாற்றலாமா, ஃபோலிக் அமிலம் எவ்வளவு என்று முடிவு செய்யுங்கள். ஏற்கனவே கர்ப்பம் என்றால் பயந்து நிறுத்திவிடாதீர்கள். பெரிய வலிப்பு வந்து விழுந்தால் தாய்க்கும் சிசுவுக்கும் அதைவிடப் பெரிய ஆபத்து. கர்ப்பத்தில் மருந்தின் அளவு ரத்தத்தில் இறங்கும், அடிக்கடி பார்க்க வேண்டும். பிறந்த குழந்தைக்கு வைட்டமின் கே ஊசி கட்டாயம். தாய்ப்பால் கொடுக்கலாம்.

இப்போது பிள்ளை வேண்டாம் என்றால் கருத்தடை மாத்திரையை நம்பாதீர்கள், ஃபெனிடாயின் அதைச் செல்லாக்காசாக்கிவிடும். காப்பர்-டி நல்லது.

ஸ்கேனில் மூளையில் பூச்சி என்றார்கள். பூச்சி மாத்திரை போட்டால் போதாதா?

நாடாப்புழுவின் முட்டை அழுக்குக் கையாலோ கழுவாத காய்கறியாலோ வயிற்றுக்குள் போய், குஞ்சு மூளையில் கூடு கட்டிய நிலை அது. நம் நாட்டில் வலிப்புக்கு முக்கியமான காரணங்களில் ஒன்று. சைவம் சாப்பிடுகிறவர்களுக்கும் வரும், காரணம் மேலே சொன்ன கை. அல்பெண்டசோல், ஸ்டீராய்டு எல்லாம் டாக்டர் மேற்பார்வையில்தான், ஏனென்றால் பூச்சி சாகும்போது வீக்கம் கூடி வலிப்பு வரலாம். ஃபெனிடாயின் அந்த இரண்டின் அளவையும் குறைக்கும். வலிப்பு மாத்திரை கூடவே ஓட வேண்டும்.

நாட்டு மருந்து சேர்த்துச் சாப்பிடலாமா?

ஞாபகசக்திக்கு என்று விற்கிற சங்கபுஷ்பி கலந்த சிரப் ஃபெனிடாயினின் அளவைக் குறைப்பது ஆய்வில் தெரிந்த விஷயம். பரீட்சை நேரத்தில் பிள்ளைக்கு வாங்கிக் கொடுத்து, வலிப்பு திரும்பியதென்று வந்த தகப்பன் ஒருவரை எனக்குத் தெரியும். மிளகிலுள்ள பிப்பெரின் நேரெதிர், ஃபெனிடாயின் உடம்பில் ஏறுவதைக் கூட்டுகிறது. மிளகு ரசத்துக்குப் பயப்பட வேண்டாம். மிளகு சேர்ந்த திரிகடுகச் சூரணத்தைத் தினம் ஸ்பூன் ஸ்பூனாகச் சாப்பிடுகிறவர்கள் டாக்டரிடம் சொல்லுங்கள்.

ரம்ஜான் நோன்பு, ஏகாதசி விரதம்?

கூத்தாநல்லூரிலிருந்து வருகிறவர்கள் வருஷா வருஷம் கேட்பார்கள். இந்த மருந்து உடம்பில் பாதியாகக் குறையச் சராசரியாக 22 மணி நேரம் எடுக்கும். ராத்திரி ஒருவேளை போடுகிறவர்களுக்கு நோன்பால் நேரம் பெரிதாக மாறாது. இரண்டு மூன்று வேளை போடுகிறவர்கள் ஒரு மாதம் முன்பே டாக்டரிடம் பேசி நேரத்தை மாற்றிக்கொள்ள வேண்டும். விடியலுக்கு முன் சாப்பிடும் சஹருக்காகத் தூக்கம் உடைவதுதான் நிஜமான ஆபத்து. பகலில் ஈடுகட்டித் தூங்குங்கள்.

குடிக்கலாமா?

வேண்டாம். ஒருநாள் அதிகம் குடித்தால் மருந்தின் அளவு ஏறும், தினமும் குடித்தால் இறங்கும், திடீரென்று நிறுத்தினால் அதுவே வலிப்பைத் தரும். மூன்று பக்கமும் அடி.

ஆறு, குளம், வண்டி?

ஆடிப்பெருக்கன்று ஆற்றில் இறங்கிக் குளிப்பவர்களில் நீங்கள் இருக்க வேண்டாம், படித்துறையில் உட்கார்ந்து செம்பால் ஊற்றிக்கொள்ளுங்கள். இடுப்பளவு வாய்க்காலும் போதும் ஒருவர் மூழ்க. மோட்டார் கொட்டகைக் கிணறு, தென்னை மரம், அறுவடை இயந்திரம், விறகடுப்பு நான்கிலும் தனியாக வேண்டாம். இரவு முழுக்கத் தண்ணீர் பாய்ச்சக் காத்திருப்பதும், கூத்துப் பார்ப்பதும் தூக்கத்தைக் கெடுக்கும். ஓட்டுநர் உரிம விண்ணப்பத்தில் வலிப்பு உண்டா என்று நேரடியாகவே கேட்கிறார்கள். பொய் சொல்லி உரிமம் வாங்கலாம், பைக்கின் பின்னால் பிள்ளை உட்கார்ந்திருக்கும்.

வலிப்பு வரும்போது கையில் சாவி கொடுக்கிறோமே?

பெரும்பாலான வலிப்பு ஒன்றிரண்டு நிமிடத்தில் தானாக நின்றுவிடும். சாவி தேடி எடுத்துவர அதே ஒன்றிரண்டு நிமிடம் ஆகும். பெயர் சாவிக்குப் போயிற்று.

ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், தலைக்குத் துண்டை மடித்து வையுங்கள், வாயில் ஸ்பூனோ தண்ணீரோ வேண்டாம், கையைக் காலை அழுத்திப் பிடிக்காதீர்கள். கடிகாரத்தைப் பாருங்கள். ஐந்து நிமிடம் தாண்டினாலோ, நினைவு திரும்பாமல் இன்னொன்று வந்தாலோ 108.

ஆஸ்பத்திரியில் அதே மருந்தை ஊசியாகப் போட்டபோது ஏன் அவ்வளவு மெதுவாக ஏற்றினார்கள்?

வேகமாகப் போனால் இதயத்துடிப்பு தாறுமாறாகும், ரத்த அழுத்தம் விழும். பெரியவர்களுக்கு நிமிடத்துக்கு 50 மி.கி.க்கு மேல் போகக் கூடாது, வயதானவர்களுக்கு அதைவிட மெதுவாக. குளுக்கோஸ் பாட்டிலில் கலந்தால் படிந்துவிடும் என்பதால் உப்பு நீரில்தான் கலப்பார்கள். "பக்கத்துப் படுக்கைக்குச் சட்டுனு ஏத்திட்டாங்க" என்று நர்ஸிடம் சண்டை போடாதீர்கள். ஊசி போட்ட கை வீங்கி ஊதா நிறமானால் மட்டும் உடனே கூப்பிடுங்கள்.

இரண்டு வருஷமாக வலிப்பே இல்லை. நிறுத்திவிடலாமா?

சிலருக்கு நிறுத்தலாம். எந்த வகை வலிப்பு, ஸ்கேனில் என்ன, மூளையின் மின்துடிப்பைப் பதிகிற இஇஜியில் என்ன என்று பார்த்து டாக்டர் முடிவு செய்து, மாதக்கணக்கில் படிப்படியாகக் குறைப்பார். தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் நரம்பியல் பிரிவுக்குப் பழைய சீட்டுகளை எல்லாம் ஒரு பையில் போட்டு எடுத்துக்கொண்டு போங்கள். கடைசியாக வலிப்பு வந்த தேதி எழுதிய நோட்டு இருந்தால் பாதி வேலை முடிந்தது.

என் சித்தப்பாவுக்கு நிறுத்தவில்லை. ஐசோனியாசிட் முடிகிறவரை ஃபெனிடாயினைக் குறைத்து, பிறகு ரத்தம் பார்த்துப் பழைய 300-க்கே கொண்டுவந்தார்கள். மாசி கடைசியில் போய்ப் பார்த்தேன். உளுந்துக் காட்டு வரப்பில் எனக்கு முன்னால் நடந்தார். நான்தான் இரண்டு தடவை சறுக்கினேன்.